தேவர் பிலிம்ஸ் பாடல்கள்: இருபதுக்கு எத்தனை?

தேவர் பிலிம்ஸ் தயாரித்து எம்.ஜி.ஆர். நடித்த படங்கள் மொத்தம் 16. முதல் படம் 1956-ல் வந்த ‘தாய்க்குப் பின் தாரம்’. கடைசிப் படம் 1972-ல் வந்த ‘நல்ல நேரம்’. பதினாறையும் இயக்கியவர் சின்னப்பா தேவரின் தம்பி எம்.ஏ.திருமுகம். அவற்றில் பதினைந்துக்கு இசை கே.வி.மகாதேவன். கடைசி ஒன்றுக்கு மட்டும் குன்னக்குடி வைத்தியநாதன். கம்பெனி, கதாநாயகன், டைரக்டர், மியூசிக் டைரக்டர் நால்வரும் மாறாமல் இத்தனை படம் ஓடுவது லேசான காரியம் அல்ல. அதுவும் 1961 முதல் 1968 வரையிலான எட்டே வருடத்தில் 14 படங்கள்.

இந்தப் படங்களின் பாட்டை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தி மார்க் போட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. ரிட்டயர் ஆன குமாஸ்தாவுக்குப் பட்டியல் போடாமல் இருக்க முடியாது. மாலையில் ரயில்வே கேட் பக்கம் டீக்கடையில் உட்காரும் எங்கள் கோஷ்டியில் இதைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். பாட்டு என்றாலே விஸ்வநாதன்–ராமமூர்த்திதான், ‘படகோட்டி’யும் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும்தான், தேவர் படமெல்லாம் யானை, சிறுத்தை, ஸ்டண்டு, இடையிடையே நாலு பாட்டு என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி.

கோவைக்காரர்களுக்கு இது வெளியூர் சமாச்சாரமும் அல்ல. தேவர் 1915-ல் இங்கே ராமநாதபுரத்தில் பிறந்தவர். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் உடம்பை நம்பிச் சின்னச் சின்ன வேஷம் கட்டியவர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன ‘ராஜகுமாரி’ 1947-ல் அந்த ஜூபிடர் எடுத்ததுதான். அதில் தேவரும் எம்.ஜி.ஆரோடு மோதியிருப்பார். அந்தச் சிநேகிதம்தான் பின்னால் பதினாறு படமாக விளைந்தது. கோவை சினிமாவுக்கு ஒரு பிரெஞ்சுச் சம்பந்தமும் உண்டு. ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம்தான் 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜெக்டர் வாங்கினார். பிறகு இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். டுபான்ட் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படி உச்சரித்திருந்தால் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பார்கள். ‘துய்போன்’ என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் என் மார்க் முறை புரியாது. நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு மீடியம். மத்திய அரசு ஆபீஸ் குமாஸ்தாவாக 1974-ல் கோவைக்கு மாற்றல் ஆகி வந்து, துடியலூரில் ஒரு சைட் வாங்கி, இங்கேயே தங்கிவிட்டேன். பிரெஞ்சுப் பள்ளிகளில் மார்க் நூற்றுக்கு அல்ல, இருபதுக்கு. பத்து வாங்கினால் பாஸ். பன்னிரண்டு என்றால் ‘அசே பியேன்’, சுமார் நன்று. பதினாறைத் தொட்டால் ‘த்ரே பியேன்’, வீட்டில் பாயசம் வைப்பார்கள். இருபது யாருக்கும் கிடைக்காது. இருபது ஆண்டவனுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு, மிச்சம்தான் பிள்ளைகளுக்கு என்று எங்கள் வாத்தியாரே சொல்வார்.

அங்கே எங்களைக் கலங்கடித்த பாடம் ‘திக்தே’. வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு 4 மார்க் போய்விடும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதில் வந்தது.

தமிழ் எனக்குப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். வீட்டில் பேசுவேன், எழுத வராது. என் தமிழ் எழுத்து இலங்கை வானொலியில் வந்தது. ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு, பாட்டு வரும்போது திக்தே மாதிரி எழுதுவேன். விளங்காத சொல்லுக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டுவிடுவேன். அடுத்த தடவை அதே பாட்டு வரும்போது கோட்டை நிரப்புவேன். சில பாட்டுக்கு நோட்டில் கோடுகளாகவே இருக்கும். சில பாட்டுக்கு முதல் தடவையிலேயே ஒரு கோடும் விழாது. கோடு விழாத பாட்டுகளை யார் போட்டது என்று கவனிக்க ஆரம்பித்தபோது, ரேடியோவில் திரும்பத் திரும்ப ஒரே பெயரைச் சொன்னார்கள். இசை, கே.வி.மகாதேவன்.

காரணம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பொதுவாக சினிமாவில் மெட்டைப் போட்டுவிட்டு, அதற்குத் தக்கபடி எழுதச் சொல்லிக் கவிஞரைக் கேட்பார்கள். மகாதேவன் வழக்கம் வேறு. பாட்டை எழுதி வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வரிகளுக்கு மெட்டுப் போடுவார். புகழேந்தி உடனிருந்து மற்ற ஏற்பாடுகளைக் கவனித்துக்கொள்வார். சொல் முதலில், சுரம் பிறகு. அதனால் குறில் நெடிலாக நீளாது. ஒரு சொல்லின் தலை ஒரு தாளத்திலும் வால் அடுத்த தாளத்திலும் விழாது. சௌந்தரராஜனின் வெண்கல உச்சரிப்பும் சுசீலாவின் தெளிவும் அதற்கு மேல் சேர்ந்துவிட்டால், பதினோரு வயதுப் பிரெஞ்சு ஸ்கூல் பையனுக்கும் தமிழ் விளங்கும். என் மார்க் முறைக்கு இதுதான் அடிப்படை. ராக லட்சண வித்வான்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கலாம், அது அவர்கள் பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலிடம் ‘தாயைக் காத்த தனயன்’, 17 மார்க். 1962 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த படம். ‘கட்டித் தங்கம்’, ‘மூடித் திறந்த’, ‘காவேரிக் கரையிருக்கு’, ‘நடக்கும் என்பார்’, ‘பேரைச் சொல்லலாமா’. ஒரே படத்தில் இத்தனையும். இவற்றில் ‘மூடித் திறந்த’ டூயட்டைத்தான் நான் உச்சியில் வைப்பேன். அவசரமே இல்லாத பாட்டு. இருவரும் ஒருவர் சொல்லி முடித்ததை மற்றவர் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது போலப் பாடுவார்கள். இப்போதைய டூயட்டுகளில் இரண்டு பேரும் தனித்தனி ஊரில் நின்று பாடுவது போல் இருக்கிறது, அது வேறு விஷயம். ‘காவேரிக் கரையிருக்கு’ நடை வேறு, நாட்டுப்புறத்துத் துள்ளல். ‘நடக்கும் என்பார்’ தத்துவம். மூன்று பாட்டுக்கு மூன்று நடை. மூன்றிலும் சொல் ஒன்றுகூட உடையவில்லை. என் நோட்டில் இந்தப் படத்துக்குக் கோடே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் படத்துக்கு முந்திய ‘தாய் சொல்லைத் தட்டாதே’ 1961 நவம்பரில் தீபாவளிக்கு வந்தது. இடையில் ஐந்து மாதம். இரண்டுக்கும் நடுவே மகாதேவன் வெளிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். ‘தாய் சொல்லைத் தட்டாதே’க்கு நான் 15½ போடுகிறேன், மூன்றாமிடம். ‘சிரித்துச் சிரித்து’, ‘போயும் போயும்’, ‘பட்டுச் சேலை’, ‘பூ உறங்குது’, ‘பாட்டு ஒரு பாட்டு’ எல்லாம் அதில்தான். முதல் படத்துக்குப் பின் எம்.ஜி.ஆருக்கும் தேவருக்கும் மனஸ்தாபம் வந்து ஐந்து வருடம் இடைவெளி. அந்த ஐந்து வருடத்தில் தேவர் ரஞ்சனை வைத்து ‘நீலமலைத் திருடன்’, ஜெமினியை வைத்து ‘வாழ வைத்த தெய்வம்’, பிறகு ‘யானைப் பாகன்’, ‘கொங்கு நாட்டுத் தங்கம்’ என்று எடுத்துக்கொண்டே இருந்தார். கதாநாயகன் மாறினாலும் மகாதேவனை அவர் மாற்றவில்லை. எம்.ஜி.ஆர். திரும்பி வந்தபோது இசையறையில் இவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கை. அது அந்தப் பாட்டுகளில் தெரிகிறது.

இரண்டாமிடம் ‘வேட்டைக்காரன்’, 16. 1964 பொங்கலுக்கு வந்தது. அதே பொங்கலுக்குச் சிவாஜியின் ‘கர்ணன்’. அங்கே விஸ்வநாதன்–ராமமூர்த்தி பெரிய வாத்திய கோஷ்டியோடு வடக்கத்தி ராகங்களை அள்ளிக் கொட்டினார்கள். இங்கே தேவர் கௌபாய் தொப்பி, துப்பாக்கி, சாவித்திரி. எங்கள் ஊரில் ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு. ‘கர்ணன்’ பாட்டு உயர்ந்தது, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பாத்ரூமில் பாடினது எல்லோரும் ‘உன்னை அறிந்தால்’. அந்தப் பாட்டின் பலம் அதன் எளிமை. சின்னச் சின்ன வாக்கியமாகக் கண்ணதாசன் எழுதிக் கொடுத்ததை மகாதேவன் அப்படியே பேச்சு மாதிரி நடக்க விட்டிருக்கிறார். ‘மஞ்சள் முகமே’ டூயட்டும் ‘வெள்ளி நிலா’ தாலாட்டும் அதே படம்தான். ‘வெள்ளி நிலா’வுக்கு மட்டும் தனியாகப் பதினேழு கேட்பார் என் மனைவி. மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்தவர் சொல்வதை நான் மறுப்பதில்லை. ‘சீட்டுக்கட்டு ராஜா’ எனக்கு அவ்வளவாக ஒட்டாது, ஒரு மார்க் அதில் போயிற்று.

நான்காமிடம் ‘குடும்பத் தலைவன்’, 15. ‘மழை பொழிந்து’ என்ற சுசீலாவின் தனிப்பாட்டுக்கும், ‘அன்றொரு நாள்’ டூயட்டுக்கும். ‘திருமணமாம்’ இன்றைக்கும் கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபங்களில் பழைய ஆள் யாராவது மைக் செட் வைத்திருந்தால் வரும். அதற்குப் பின்னால் 1963-ன் இரண்டு படங்கள், ‘தர்மம் தலைகாக்கும்’, ‘நீதிக்குப் பின் பாசம்’. ஆளுக்குப் பதினான்கு. ‘ஒருவன் மனது’, ‘மானல்லவோ’, ‘அக்கம் பக்கம்’ இருக்கும் வரை இந்த மார்க்கை யாரும் குறைக்க முடியாது. கூட்டவும் முடியாது, மற்றப் பாட்டுகள் சுமார்.

முதல் ஆறு இடமும் 1961 முதல் 1964 வரை வந்த படங்கள்தான். இந்த ஆறுக்கும் பாட்டுக்குக் கண்ணதாசன். 1964-க்கு அப்புறம் எம்.ஜி.ஆரும் கண்ணதாசனும் எட்டி நின்ற காலம் வந்தது. ‘தொழிலாளி’க்கு ஆலங்குடி சோமுவும் மாயவநாதனும். ‘கன்னித்தாய்’க்குப் பஞ்சு அருணாசலம். இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆலங்குடி சோமுவின் ‘ஆண்டவன் உலகத்தின்’ பாட்டைப் பாடாத மில் கேட் கூட்டம் அந்தக் காலத்தில் இல்லை. பஞ்சுவின் ‘என்றும் பதினாறு’ இன்னும் பதினாறாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் முழுவதற்கும் அந்தத் தரம் இல்லை. ‘கன்னித்தாய்’ 12, ‘தொழிலாளி’ 10. பத்து என்றால் பாஸ் என்று முன்னமே சொன்னேன். யாரும் கோபப்பட வேண்டாம்.

தேவர் படப் பாட்டு ஏன் பிற்பாடு இறங்கிற்று என்று கேட்டால் எல்லோரும் அவசரம் என்பார்கள். பூஜை போடும் அன்றைக்கே ரிலீஸ் தேதியையும் சொல்லிவிடுவார் தேவர் என்பது பிரசித்தம். ‘முகராசி’யைப் பன்னிரண்டு நாளில் எடுத்து முடித்தார்கள் என்று சொல்வார்கள். எம்.ஜி.ஆரும் ஜெமினியும் சேர்ந்து நடித்த ஒரே படம் அது. இந்த அவசரத்தில் பாட்டு எங்கே நன்றாக இருக்கும் என்பது வாதம்.

நான் ஒத்துக்கொள்வதில்லை. ‘முகராசி’யிலேயே சுடுகாட்டில் பாடும் ‘உண்டாக்கி விட்டவர்கள்’ இருக்கிறதே, அது பன்னிரண்டு நாள் பாட்டா? அந்தப் படத்துக்குக் கண்ணதாசன் திரும்பி வந்திருந்தார். ‘எனக்கும் உனக்கும்’ டூயட்டும் சோடை இல்லை. பதின்மூன்று போட்டேன். அதே 1966-ல் வந்த ‘தனிப்பிறவி’க்கும் பதின்மூன்று. ‘உழைக்கும் கைகளே’ ஒன்று போதும். (எம்.ஜி.ஆர். முருகனாக வேஷம் கட்டி நின்றதும் அந்தப் படத்தில்தான். மருதமலையானுக்குத் தேவர் செலுத்திய காணிக்கைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆக, அவசரம் முதல் படத்திலிருந்தே இருந்தது. 1962-ல் இரண்டு படம், 1963-ல் இரண்டு, 1964-ல் இரண்டு. அந்த வருடங்களில்தான் உச்சம். மகாதேவனுக்குக் காலம் குறைந்தால் பாதகமில்லை, சொல் குறைந்தால்தான் பாதகம். நல்ல வரியைக் கையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் நல்ல மெட்டுக் கொடுப்பார். வெறும் வரியைக் கொடுத்தால் அதற்கேற்ற வெறும் மெட்டுத்தான் வரும். சொல்லை முன்னால் வைத்து மெட்டுப் போடுகிறவருக்கு வேறு வழி கிடையாது. மெட்டை முன்னால் போடுகிறவர் சொல் மோசமானாலும் மெட்டால் தப்பித்துக்கொள்வார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் பேரன் போன தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, தாத்தா, நாங்களும் இதே சண்டைதான் போடுகிறோம் என்றான். ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்று ஒரு வீடியோ கேம் வரிசை இருக்கிறதாம். 1987-ல் ஆரம்பித்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. முதல் ஒன்பதுக்கும் நொபுவோ உவெமாட்சு என்ற ஒருவரே இசை. எந்தப் பாகத்தின் இசை உசத்தி, எது மட்டம் என்று உலகம் முழுக்க இளவட்டங்கள் பட்டியல் போட்டுக் கட்டிப் புரள்கிறார்கள். ‘டிராகன் குவெஸ்ட்’ என்று இன்னொன்று, அதற்குக் கோய்ச்சி சுகியாமா என்ற பெரியவர் 1986 முதல் 2021-ல் இறக்கும் வரை இசை. இரண்டையும் போனில் போட்டுக் காட்டினான். ஆரம்ப காலத்து மெஷினில் ஒரே நேரத்தில் நாலைந்து ஒலிக்கு மேல் வராதாம். வயலின் கோஷ்டி, கோரஸ் ஒன்றும் கிடையாது. அந்த நாலைந்து ஒலிக்குள் மெட்டு நிற்க வேண்டும். அதனால்தான் தாத்தா பழசு மனசில் நிற்கிறது, புதுசில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது ஆனால் முணுமுணுக்க வரவில்லை என்றான். ஆள் நம்ம கட்சி என்று தெரிந்துகொண்டேன்.

பிரெஞ்சிலும் இப்படி ஒன்று உண்டு. லூயி த ஃபுய்னேஸ் என்ற சிரிப்பு நடிகர் போலீஸ்காரராக வரும் ‘சேன்-த்ரோபே’ படங்கள், 1964 முதல் 1982 வரை ஆறு. ஆறுக்கும் ரேமோன் லெஃபேவ்ர் இசை. முதல் படத்தில் போட்ட அணிவகுப்பு மெட்டு ஊர் முழுக்க விசிலடிக்கும்படி ஆயிற்று. அப்புறம் அந்த மெட்டையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். சவுகரியம்தான். மகாதேவனுக்கு அந்தச் சவுகரியம் கிடையாது. நம் ஊரில் படத்துக்குப் படம் ஐந்தாறு புதுப் பாட்டு வேண்டும். பழைய மெட்டைக் காட்டினால் சீட்டு கிழியும்.

கீழ் வரிசைக்கு வருவோம். முதல் படமான ‘தாய்க்குப் பின் தாரம்’ 11. காளையோடு எம்.ஜி.ஆர். மோதுவதற்காகப் பார்த்த படம். மருதகாசியின் ‘மனுஷனை மனுஷன்’ தவிர மற்றதை இன்று நினைவுபடுத்திப் பார்க்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அந்தக் காலப் பாட்டுகளுக்கே உரிய நீளம். ‘தேர்த் திருவிழா’வுக்கும் 11, அதுவும் ‘மழை முத்து முத்து’ புண்ணியத்தில். ‘தாய்க்குத் தலைமகன்’ 9. இந்த மார்க் போட எனக்கே தயக்கம் உண்டு. 1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மறுநாள் இந்தப் படம் ரிலீஸ். நாங்கள் புதுச்சேரியில் தியேட்டருக்குப் போனது படம் பார்க்க அல்ல. திரையில் அவர் வந்தபோது தியேட்டரே அழுதது. என்ன பாட்டு வந்தது, யார் பாடினார்கள் என்று அன்றைக்கு ஒருவருக்கும் காதில் விழவில்லை. பிற்பாடு இசைத்தட்டில் நிதானமாகக் கேட்டுத்தான் இந்த ஒன்பதைப் போட்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பின்னால் ஒரு விசித்திரம். எம்.ஜி.ஆரின் பேச்சுக் குரல் மாறிவிட்டது. பாட்டுக் குரல் மாறவில்லை, அது சௌந்தரராஜனுடையது அல்லவா. வசனத்தில் கட்டிய குரல், பாட்டு ஆரம்பித்ததும் பழைய கம்பீரம். தியேட்டரில் பாட்டுக்கு விழுந்த கைதட்டலில் பாதி அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அப்படி வந்ததுதான் 1967 நவம்பரில் ‘விவசாயி’. எங்கள் டீக்கடைச் சண்டையின் மையம் இந்தப் படம்தான். நான் 12 போட்டேன்.

கோஷ்டியில் ஒருவர் வெள்ளக்கிணறு பக்கத்து விவசாயி. விவசாயி ஆக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். சோளமும் பருத்தியும் போட்ட பூமி. கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் ஆழம் போய், கடைசியில் பிள்ளைகள் சைட் போட்டு விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் மூன்று வீதி, ஒரு பிள்ளையார் கோயில். என் பட்டியலைக் கேட்டுவிட்டு அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஏனுங் சார், பன்னண்டுதானுங்களா?”

“ஆமாங்க. மருதகாசி எழுதின அந்த டைட்டில் பாட்டுக்குத் தனியாப் பதினாறு போடறேன். ‘நல்ல நல்ல நிலம்’ பாட்டுக்குப் பதினஞ்சு. மத்தப் பாட்டெல்லாம் இழுத்து விடுது.”

“மத்தப் பாட்டை விடுங். மோட்டார் ரூமுல ரேடியோப் பொட்டிய வச்சுட்டு, மடை மாத்திட்டு நிக்கறப்போ அந்தப் பாட்டு வரும். எங்கப்பன் மம்பட்டிய ஊனிட்டு அப்புடியே நிப்பாரு. அவுரு வேற பாட்டே கேட்டதில்லீங். அதுக்கு நீங்க ஒரு மார்க்கு, மத்ததுக்கு ஒரு மார்க்குன்னு பிரிச்சா எப்புடீங்?”

“படத்துக்கு மார்க்குங்க, பாட்டுக்கு இல்ல.”

“உங்க பிரெஞ்சுக்காரன் ஊர்ல வெவசாயம் இல்லீங்களா?”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் வந்தார், டீ குடித்தார், ‘விவசாயி’ பேச்சை எடுக்கவில்லை. நானும் மார்க்கை மாற்றவில்லை. அந்தப் படத்தில் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று பெண்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு பாட்டு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டுக்கு மேல் ஏற மனம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல் முதலில் என்ற மகாதேவன் வழிக்கு ஒரே ஒரு சாட்சி கொடு என்று கோர்ட்டில் கேட்டால், நான் ‘தாயைக் காத்த தனயன்’ டூயட்டைக் காட்ட மாட்டேன், மருதகாசியின் அந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். மம்பட்டியை ஊன்றி நின்ற மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். அவருக்கும் ஒரு சொல் தப்பவில்லை.

‘காதல் வாகனம்’ 7. ஃபெயில். 1968-ல் வந்தது. படமும் ஓடவில்லை, பாட்டும் ஓடவில்லை. ஈஸ்வரியின் ‘இன்னா மேன்’ பாட்டைச் சொல்லிச் சிலர் வக்காலத்து வாங்குவார்கள். விளையாட்டுக்கு ஒரு பாட்டு சரி, அதை வைத்துப் பாஸ் போட முடியாது. இதோடு இந்தக் கூட்டணி நின்றது. மகாதேவனின் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அப்போது பேசினார்கள். சுத்த அபத்தம். அதே 1968-ல்தான் அவர் ‘தில்லானா மோகனாம்பாள்’ செய்தார். அடுத்த வருடம் அதே எம்.ஜி.ஆரின் சொந்தப் படம் ‘அடிமைப்பெண்’ணில் பாலசுப்பிரமணியத்தை எம்.ஜி.ஆருக்குப் பாடவைத்தார். கை தேய்ந்தவர் செய்கிற வேலையா இது? தேவர் கம்பெனியில் கதை தேய்ந்தது, வரி தேய்ந்தது, அதைத்தான் மெட்டு காட்டிக்கொடுத்தது.

‘நல்ல நேரம்’ மகாதேவன் கணக்கில் சேராது, ஆகவே தனித் தாளில் மார்க். தேவர் 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’யின் தமிழ். அங்கே லட்சுமிகாந்த்–பியாரேலால். தமிழில் வந்தபோது அந்த மெட்டுகளையே எடுத்து ஓட்டியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குன்னக்குடியார் வயலினைக் கீழே வைத்துவிட்டுப் புதிதாகவே போட்டார். புலமைப்பித்தனின் ‘ஓடி ஓடி’ இன்றைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுகளில் ஓடுகிறது. ‘ஆகட்டும்டா தம்பி’யும் கேட்கச் சுகம். 13 போடலாம். எனக்கு ‘டிக் டிக்’ பிடிக்காது, அது என் வயதுக் கோளாறு அல்ல, 1972-லும் பிடிக்கவில்லை.

மகாதேவனுக்கு அரசாங்கம் செய்த மரியாதை குறைவில்லை. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான், ‘கந்தன் கருணை’க்காக. பிறகு ‘சங்கராபரணம்’ தெலுங்குப் படத்துக்கு மறுபடியும். இரண்டும் சங்கீதப் படங்கள். 2001-ல் அவர் காலமானபோது பத்திரிகைகளில் வந்ததெல்லாம் ‘திருவிளையாடல்’, ‘தில்லானா’, ‘சங்கராபரணம்’. கத்திச் சண்டைக்கும் யானைக்கும் நடுவே பதினைந்து படத்துக்கு அவர் போட்ட எழுபது எண்பது பாட்டைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்த பத்திரிகையில் இல்லை. அன்று காலை பரண் மேலிருந்து அந்தக் கோடு போட்ட நோட்டை இறக்கினேன். ‘தாயைக் காத்த தனயன்’ பக்கத்தில் என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. றகரம் ரகரம் எல்லாம் இடம் மாறி. ஆனால் இடைவெளிக் கோடு ஒன்றும் இல்லை.

பட்டியல் இவ்வளவுதான். உங்கள் வரிசை வேறாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ‘குடும்பத் தலைவ’னை முதலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கவுண்டம்பாளையத்து நண்பர் ஒருவர் ஏற்கனவே மனுப் போட்டிருக்கிறார், பரிசீலனையில் இருக்கிறது. ‘காதல் வாகன’த்துக்கு ஏழுக்கு மேல் கேட்பவர்கள் மட்டும் தக்க காரணத்தோடு வரவும்.